றம்ஸி நானாவும் பெரிய பிரிண்டரும்

கடையின் பின்வாசலுக்கு ஐந்தாறு சீமெந்துப் படிகள். லோறன்ஸ் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிளாசாவின் பின்பக்கத்தால் சுற்றி வந்து, அந்தப் படிகளில் ஏறித்தான் குணவதி வேலைக்குப் போவாள். பனிக்காலத்தில் படியெல்லாம் கண்ணாடி பூசினமாதிரி ஐஸ் பிடித்துக் கிடக்கும். ஒருநாள் அதில் சறுக்கி விழுந்து, முழங்கால் வீங்கி, கொஞ்சக் காலம் நொண்டி நொண்டித்தான் வேலை செய்தாள். அதற்குப் பிறகு அவள் வருகிற நேரம் படியில் ஐஸ் இருப்பதில்லை. யாரோ முன்னமே உப்புத் தூவி வைத்திருப்பார்கள். பிளாசாக்காரர்தான் செய்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் விளக்கு வைக்கும்போது அவர்களுடைய குடும்பமும் நல்லாயிருக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிக்கொள்வாள்.

ஒரு காலை பஸ் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது. படியடியில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை றம்ஸி நானா நின்றார். றோல்ஸ் பொரிக்கிற ஏப்ரன் இடுப்பில், கையில் ஒரு தயிர் வாளி. அவளைக் கண்டதும் வாளி முதுகுக்குப் பின்னால் போனது.

"என்ன நானா, இந்தக் குளிருக்க?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா காத்து வாங்க வந்தனான்."

மைனஸ் இருபதில் காற்று வாங்குகிற மனிதரை அவள் அன்றுதான் கண்டாள். அவர் உள்ளே போனபிறகு படியைப் பார்த்தாள். அவளுடைய கடைப் பக்கத்துப் பாதியில் உப்பு நன்றாக இறைந்து கிடந்தது. அவருடைய கடைப் பக்கத்துப் பாதியில் ஐஸ் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. வாளியில் இருந்தது அவ்வளவுதான் போலும்.

எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டாலும் அவர் குணவதியைவிட வயதில் இளையவர்தான். முஸ்லிம் ஆட்களை மரியாதைக்கு நானா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அவள். அவர் அவளை அக்கா என்பார். "ரெண்டு பேரும் மாறி மாறி மூத்தாக்களாக்கிறீங்கள், அப்ப இதில ஆர்தான் இளையாள்?" என்று குணவதி வேலை செய்கிற கடையின் சொந்தக்காரி நிலாணி சிரிப்பாள்.

றம்ஸி நானா பிறந்ததும் யாழ்ப்பாணம்தான். மீசை அரும்புகிற வயதில், உம்மா, வாப்பா, தங்கச்சிமாரோடு கையில் ஒரு பையுடன் அங்கிருந்து போகவேண்டி வந்து, புத்தளத்தில் வளர்ந்தார். ஏன் போனீர்கள் என்று குணவதி ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும், தமிழ் இயக்கம் முஸ்லிம்களை ஒரேயடியாக ஊரைவிட்டு விரட்டிய காலம் அது. ஒருமுறை பேச்சுவாக்கில் அவரே அதைத் தொட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் உடனே, "இண்டைக்குப் பின்னேரம் சினோ கொட்டுமாமே அக்கா" என்று கதையை மாற்றிவிட்டார். புத்தளத்துக்குப் பிறகு கட்டாரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை, அதற்குப் பிறகு கனடா. வெக்ஸ்போர்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் மனைவி ரினோஸாவோடு இருந்தார். பகலில் அந்தச் சாப்பாட்டுக் கடையில் சம்பளத்துக்குக் கொத்துரொட்டி போடுவார். மத்தியானச் சனம் குறைந்தபிறகு, ஆட்கள் வீதியோரத்தில் எறிந்துவிட்டுப் போகிற பழைய கொம்பியூட்டர்களைத் தூக்கி வந்து, கழற்றி, தட்டி, உயிர்ப்பித்து, புதிதாக வந்து இறங்குகிற ஆட்களுக்குக் கொடுப்பார். படித்துச் செய்ததல்ல. "நானும் தடவித்தான் பாக்கிறன் அக்கா, குருடன் யானையைத் தடவினமாதிரி" என்பார்.

அந்தத் தடவலில்தான் குணவதியின் பிழைப்பு ஒரு கிழமை தொங்கிக்கொண்டு நின்றது.

நிலாணியின் கடை அச்சுக்கடை. கலியாணக் கார்ட், நினைவு மலர், எல்லாம் அடிப்பார்கள். ஆனால் பின்னறையில் நின்ற பெரிய பிரிண்டர்தான் கடைக்குச் சோறு போட்டது. ஒரு கட்டில் அளவு நீளம். சுருளாக வருகிற வினைல் சீலையில் கோயில் பனர், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீட்டுப் பனர், பிறந்தநாள் பனர் எல்லாம் அதில்தான் அடிப்பது. ஒரு எஞ்சினியர் கந்தோர் மூடினபோது நிலாணியின் தகப்பன் வாங்கி வைத்த கிழட்டுச் சாமான். அதிலிருந்து வருகிற பனரின் ஓரத்தை மடித்து ஒட்டி, மூலைகளில் பித்தளை வளையம் அடிப்பது குணவதியின் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இங்கிலீஷ் காதுக்குள் போகும், வாயால் வராது. ஐம்பது தாண்டி, முழங்காலும் ஒத்துக்கொள்ளாத நேரத்தில், கதிரையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய அந்த வேலை கிடைத்ததை அவள் அம்மாளாச்சி தந்தது என்றே நம்பியிருந்தாள்.

சிவராத்திரியும் நோன்பும் அடுத்தடுத்து வந்த வருடம் அது. பெரிய பிரிண்டரோடு பூட்டியிருந்த பழைய கொம்பியூட்டர் ஒருநாள் புகைந்து மணத்து, படுத்துவிட்டது. நிலாணி புது லப்டொப் வாங்கி வந்து பூட்டினாள். புது லப்டொப்புக்குப் பழைய பிரிண்டரைத் தெரியவில்லை. பிரிண்டரைச் செய்த கொம்பனியோ, அதை அடையாளம் காட்டுகிற புரோகிராம் இப்போது நாங்கள் செய்வதில்லை என்று கையை விரித்துவிட்டது.

"புதுசு வாங்க என்னால ஏலாது குணவதியன்ரி" என்றாள் நிலாணி. அவளுக்கும் முகம் வாடித்தான் கிடந்தது. "சிவராத்திரிப் பனருக்கு ஓடர் எடுத்திட்டன். அதுக்கிடையில மெஷின் வேலை செய்யாட்டி, பனர் வேலையை விடுறதுதான். பின்னறையை நகம் பூசுற கடைக்காரி கேட்டுக்கொண்டிருக்கிறா. மாசம் முடியக் குடுத்திடுவன். சொறி அன்ரி."

பின்னறை போனால் தன் வேலையும் போகும் என்று குணவதிக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்த வயதில் இனி எந்தக் கதவைத் தட்டுவது? அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடைக்குப் போய், றோல்ஸ் வாங்குகிற சாட்டில் நின்று, நின்று, கடைசியில் சொல்லிவிட்டாள். றம்ஸி நானா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"பெரிய பிரிண்டரோ? நான் சின்னனுகளைத்தான் அக்கா பாத்திருக்கிறன்."

"பெரிசும் சின்னனின்ர தமையன்தானே நானா?"

"அப்பிடியெண்டா சரி. வந்து பாக்கிறன். திருத்துவன் எண்டு சொல்லேல்ல, பாக்கிறன் எண்டுதான் சொல்லுறன்."

பின்னேரம் அவர் தன்னுடைய லப்டொப்போடு வந்தார். எழுத்துக் கட்டைகளுக்கிடையில் கொத்துரொட்டி மா ஒட்டியிருந்தது. அதில் லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது பழைய மெஷின்களை மறக்காமல் வைத்திருக்கும் என்றார்.

"அது எந்தக் கொம்பனி நானா?"

"கொம்பனி இல்லை அக்கா. உலகம் முழுக்க ஆக்கள் சும்மா எழுதிச் சும்மா குடுக்கிறது. உங்கட கோயில் அன்னதானம் மாதிரி. எங்கட பள்ளியில நோன்புக் கஞ்சி மாதிரி. ஆரும் சமைக்கலாம், ஆரும் வந்து குடிக்கலாம்."

குணவதிக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு சந்தேகம். "அப்ப உப்புக் காணாட்டி ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

றம்ஸி நானா தலையைச் சொறிந்தார். "அதுதான் அக்கா கரைச்சல்."

முதலில் லினக்ஸுக்குப் பிரிண்டர் இருப்பதே தெரியவில்லை. ஒரு வயரைக் கழற்றி இன்னொரு வயரைப் பூட்டினார். அதற்குப் பிறகு தெரிந்தது, ஆனால் பேர் தெரியவில்லை. பேர்களின் நீண்ட வரிசை ஒன்று திரையில் வந்தது. இந்த மெஷினின் பேர் அதில் இல்லை. "தமையன் இல்லை, தம்பி இருக்கிறார். தம்பியின்ர பேரைக் குடுத்துப் பாப்பம்" என்று அதே கொம்பனியின் இன்னொரு மெஷினின் பேரைத் தட்டினார்.

பிரிண்டர் உறுமி எழும்பியது. குணவதி கையைக் கூப்பினாள். சோதித்துப் பார்க்க மாட்டியிருந்த கடதாசிச் சுருள் மெல்ல வெளியே வந்தது. சிவலிங்கம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றால், வந்ததெல்லாம் எழுத்து. அதுவும் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அடைப்புக்குறியும் இலக்கமும் சதவீதக் குறியுமாக, எறும்பு ஊர்ந்தமாதிரி, வரி வரியாகச் சுருள் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிப்பாட்டுங்கோ அக்கா, நிப்பாட்டுங்கோ!"

எதை நிப்பாட்டுவது? குணவதி பாய்ந்து, கட்டவிழ்த்த கன்றைப் பிடிக்கிறமாதிரி இரண்டு கையாலும் கடதாசியைப் பிடித்தாள். அது அவளையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவர் கரண்ட் வயரைப் பிடுங்கினார். நின்றது. திரும்பப் பூட்டினார். விட்ட இடத்திலிருந்து திரும்பவும் எறும்பு ஊரத் தொடங்கியது.

"எட, இது விடாக்கண்டனா இருக்கே!" என்று மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு லப்டொப்பில் எதையோ அழித்தபிறகுதான் அடங்கியது. பின்னறை நிலம் முழுக்கக் கடதாசி. அதன் நடுவில் இரண்டு பேரும் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள்.

கொஞ்சநேரம் லப்டொப்பில் யார் யாரோ எழுதி வைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, நாங்கள் அனுப்பினது எப்பிடிக் கீறவேணும் எண்டு சொல்லுற கடிதம். மெஷின் கீறாமல் கடிதத்தை அப்பிடியே பாடமாக்கி ஒப்புவிக்குது."

குணவதி யோசித்தாள். "ஐயர் பூசைப் புத்தகத்தில 'இங்கே பூப் போடவும்' எண்டு எழுதியிருக்கிறதை, பூவைப் போடாமல் மந்திரமா வாசிச்சமாதிரியோ?"

"அல்லாஹ்வே! அதேதான் அக்கா" என்றார் அவர். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே சரியாக விளங்கவில்லை. ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

அடுத்தநாள் தம்பியை விட்டு, சித்தப்பன் பேரைக் கொடுத்தார். இம்முறை சிவலிங்கம் வந்தது. ஆனால் அவ்வளவு அகலக் கடதாசியின் ஒரு மூலையில், உள்ளங்கையளவில், வில்வ இலையும் நாகமும் எல்லாமாகச் சின்னஞ்சிறிதாக உட்கார்ந்திருந்தது.

நிலாணி எட்டிப் பார்த்தாள். "நானா, இது பஸ் பாஸ் சைஸ்."

"மெஷின் தான் பெரிசெண்டதை மறந்து போச்சுது தங்கச்சி. சொல்லிக் குடுக்கவேணும்."

அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று சொல்லிக் கொடுக்கவே அவருக்கு இரண்டு பின்னேரம் போனது. ஒருமுறை லிங்கம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது. இன்னொருமுறை ஆவுடையோடு பாதியில் நின்றது. கடைசியில் சனிக்கிழமை பின்னேரம், வெறும் கடதாசியில், முழு அகலத்துக்கும் கம்பீரமாக நேராக வந்து இறங்கியது. றம்ஸி நானா கதிரையில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குணவதி அதே நேரத்தில் "நமசிவாய" என்றாள். இரண்டும் ஒன்றாகக் கேட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை வினைல் சுருளை மாட்டிப் பனரை அடித்தால் சரி என்று சொல்லி, மஹ்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அவர் ஓடிப்போனார். நிலாணியும் சாவியைக் குணவதியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தனியே நின்ற குணவதிக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நல்லது நடந்தால் அதற்கொரு திருநீறு, ஒரு சந்தனப் பொட்டு வைக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு போவதா? கைப்பையில் கோயில் சந்தனமும் திருநீறும் எப்போதும் இருக்கும். தண்ணீரில் குழைத்தாள். மெஷினின் முன்பக்கத்தில் வைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அதில்தானே றம்ஸி நானா கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். அவர் பொட்டை அழிக்கவும் மாட்டார், தொடவும் சங்கடப்படுவார். நல்லது செய்த மனிதருக்கு ஏன் அந்த இக்கட்டு? மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே, மை தெளிக்கிற மைத்தலை ஓடுகிற இடத்துக்குக் கீழே, நீளமாக ஒரு கறுப்புத் தகடு, கழுவித் துடைத்த கருங்கல் மாதிரிக் கிடந்தது. அதன் ஒரு கரையில், யாருக்கும் தெரியாத இடத்தில், மூன்று குறியும் நடுவில் பெரிதாக ஒரு பொட்டும் வைத்து, மூடியை மூடி, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை வினைல் சுருளை மாட்டினார்கள். மைத்தலை ஒருமுறை போய்வந்து நின்றது. மெஷினின் சின்னக் கண்ணாடித் திரையில் ஒரு வசனம் வந்தது.

"சீலை சரிஞ்சு கிடக்காம். திரும்ப மாட்டட்டாம்" என்று வாசித்தார் றம்ஸி நானா.

திரும்ப மாட்டினார். சரிந்து கிடக்கு என்றது. குணவதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து, நூல் பிடித்தமாதிரி நேராக மாட்டினார்கள். சரிந்து கிடக்கு என்றது. வினைல்தான் பிழையாக்கும் என்று சனிக்கிழமை ஓடின கடதாசியையே மாட்டினார்கள். அதுவும் சரிந்து கிடக்காம்.

"சனிக்கிழமைக்குப் பிறகு நான் ஒண்டையும் மாத்தேல்லையே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாற்றாததையெல்லாம் மாற்றத் தொடங்கினார். லினக்ஸில் வைத்ததை அழித்தார், திரும்ப வைத்தார். சித்தப்பனை விட்டு மாமனைப் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் மெஷின் அதே பதிலைச் சொன்னது. அவருடைய முகத்தில் வழமையான சிரிப்பு மெல்லமெல்ல வடிந்து போனதைக் குணவதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் நிர்வாகத்துப் பொன்னம்பலம் பனரைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

"என்ன நானா, எங்கட சிவனை உங்கட கொம்பியூட்டருக்குப் பிடிக்கேல்லையோ?"

றம்ஸி நானா நிமிர்ந்து பார்த்தார். "கொம்பியூட்டருக்குச் சமயம் இல்லை அண்ணை. மூளையும் இல்லையெண்டுதான் இப்ப யோசிச்சுக்கொண்டிருக்கிறன். எனக்கும் சேர்த்து."

பொன்னம்பலம் சிரித்துவிட்டுப் போனார். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்னம்பலம் சொன்னது நெஞ்சுக்குள் முள்ளாகத் தைத்து நின்றது. சனிக்கிழமை ஓடின மெஷின் திருநீறு வைத்தபிறகு ஏன் ஓடவில்லை? நான் தீட்டோடு எதையும் தொட்டேனா? சாமிக்கு என்ன குறை வைத்தேன்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"நாளைக்கு மத்தியானம்வரைக்கும் பாப்பம்" என்றாள் நிலாணி, இரண்டு பேரையும் பார்க்காமல். "ஏலாட்டிப் பிக்கரிங்கில ஒரு கடைக்கு அனுப்பிறன். நகம் பூசுறாவுக்கும் ஓம் எண்டு சொல்லிடுவன்."

செவ்வாய்க்கிழமை காலை றம்ஸி நானா தன் கடை அடுப்பை மூட்டுவதற்கு முன்னமே வந்துவிட்டார். குணவதி படியில் காத்துக்கொண்டு நின்றாள். லப்டொப்பை அவர் திறக்கவில்லை.

"இனி மாத்த ஒண்டுமில்லை அக்கா. ஒருக்கால் உள்ளுக்கெல்லாம் துடைச்சுப் பாப்பம். தூசியாயும் இருக்கலாம்."

மூடியைத் திறந்து, பஞ்சுத் துணியால் உருளைகளைத் துடைத்தார். மைத்தலை ஓடுகிற கம்பியைத் துடைத்தார். பிறகு கறுப்புத் தகட்டை ஒரு கரையிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். துணி பொட்டுக்குக் கிட்ட வந்தது. வந்து, மெல்ல வளைந்து, தூங்குகிற பிள்ளையைச் சுற்றிப் பாய் கூட்டுகிறமாதிரி, பொட்டைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனது.

அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நானா, அதை ஏன் விட்டிட்டீங்கள்?"

"எதை அக்கா?"

"அந்தப் பொட்டை."

அவர் துணியை மடித்தார். "அது உங்கட சாமிட. என்ர கையால அழிக்கக்கூடாது."

"எப்ப கண்டனீங்கள்?"

"நேற்று, முதல்முதல் மூடி திறக்கேக்கையே."

"நான் உங்களுக்குச் சங்கடமா இருக்குமெண்டுதான் உள்ளுக்கு ஒளிச்சு வைச்சனான்."

"நான் கண்டதா காட்டினா உங்களுக்குச் சங்கடமா இருக்குமெண்டுதான் பேசாமல் இருந்தனான்."

இரண்டு பேரும் தகட்டைப் பார்த்தார்கள். முழுக் கறுப்புக்கு நடுவில் காய்ந்து வெளிறிப்போன சந்தனமும் திருநீறும். றம்ஸி நானா திடீரென்று குனிந்து மைத்தலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பொட்டைப் பார்த்தார். திரும்பவும் மைத்தலையைப் பார்த்தார்.

"அக்கா, உந்தத் தலைக்குக் கீழ ஒரு சின்னக் கண் இருக்கு. அது தகட்டுக்கு மேலால ஓடிப் பாத்துத்தான் சீலை எங்க தொடங்குது, எங்க முடியுதெண்டு கண்டுபிடிக்கும். கறுப்பைக் கண்டா சீலை இல்லை. வெள்ளையைக் கண்டா சீலை." அவர் குரல் தாழ்ந்தது. "இப்ப சீலைக்கு வெளியிலையும் ஒரு வெள்ளை கிடக்கு."

குணவதிக்கு அரைவாசிதான் விளங்கியது. அரைவாசி விளங்கினதே போதுமாக இருந்தது. "அப்ப மெஷின் என்ர திருநீறையும் சீலையெண்டு நினைச்சு..."

"ஓரம் எங்கையெண்டு தெரியாமல் குழம்பிப்போய் நிக்குது. எங்களைப்போல."

"நான்தான் அழிக்கவேணும்" என்றாள் அவள்.

அவர் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தன்னுடைய கைலேஞ்சியை நனைத்து, "அப்பனே, பிழை பொறுத்துக்கொள்" என்று சொல்லிச் சொல்லி, திருநீற்றையும் பொட்டையும் துடைத்தெடுத்தாள். லேஞ்சியைப் பிழிந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற மனமில்லாமல், யன்னலடிப் பூச்சாடியின் அடியில் ஊற்றினாள். "முடிஞ்சுது நானா" என்றபிறகுதான் அவர் திரும்பினார்.

சீலையை மாட்டினார்கள். மைத்தலை போனது, வந்தது. சின்னக் கண்ணாடியில் இம்முறை குறை ஒன்றும் வரவில்லை. உறுமல் கேட்டது. முதலில் நாகத்தின் படம் வந்தது, பிறகு லிங்கத்தின் தலை, பிறகு ஆவுடை. குணவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். றம்ஸி நானா லப்டொப்பின் மாவை விரலால் சுரண்டிக்கொண்டு, எதையும் பார்க்காதவர்மாதிரி நின்றார்.

நிலாணி வந்து கண்டதும் துள்ளினாள். "ஓ மை கோட்! என்ன நானா பிழை?"

"செற்றிங் ஒண்டு தங்கச்சி. நான்தான் பிழையா வைச்சிட்டன்."

குணவதி வாயைத் திறந்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. அவருக்காக அன்று பகல் முழுக்கப் பேசாமல் இருந்தாள். ஆனால் சாமியின் காரியத்தில் இன்னொருவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவளால் முடியவில்லை. பின்னேரம் பனருக்கு வளையம் அடித்து முடித்ததும் நிலாணியிடம் உள்ளதைச் சொன்னாள். நிலாணி முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய் நகம் பூசுகிற கடைக்காரிக்குப் போன் எடுத்தாள். அறை இல்லை என்றாள்.

சிவராத்திரிக்குப் பனர் கோயில் வாசலில் தொங்கியது. நோன்பு தொடங்கினதும் ரினோஸா ஒரு வாளி கஞ்சி கொடுத்துவிட்டாள். அது அந்தத் தயிர் வாளியா என்று குணவதி திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தெரியவில்லை. மெஷினில் இப்போது மூடியின் மேல் மூலையில், றம்ஸி நானாவே கை காட்டிவிட்ட இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது. "இதில வையுங்கோ அக்கா. இதை அந்தக் கண் பாக்கிறேல்லை. என்ர கையும் இதில படாது" என்றார். வெள்ளிக்கு வெள்ளி அவள் அதைப் புதுப்பிக்கிறாள்.

அடுத்த வருடம் சாப்பாட்டுக் கடை முதலாளி கடையை விற்றுவிட்டார். ரினோஸாவின் தமையன் மேற்கே எட்மன்ரனுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் றம்ஸி நானாவும் அங்கே போனார். போய் ஒரு பனிக்காலம்தான். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று நிலாணிக்குச் செய்தி வந்தது. குணவதி அறிந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டது. அவருக்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. விளக்கு வைக்கலாமா, வைத்தால் அவருக்குப் பிழையா, அவர்களுடைய துவாவை அவள் சொல்லலாமா, ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்தபடி விளக்கைக் கொளுத்தி, தெரிந்த ஒரு தேவாரத்தைச் சொல்லி, "உங்கட ஆண்டவர் இதைப் பிழையா எடுக்கமாட்டார் நானா" என்று முடித்தாள். பக்கத்துக் கடை இப்போது வேறு யாரோ நடத்துகிற கடை. ஐஸ் பிடிக்கிற நாட்களில் அவள் கொஞ்சம் முந்தின பஸ்ஸில் வந்து, படியின் இரண்டு பாதிக்கும் உப்புப் போடுகிறாள்.

அவர் எட்மன்ரனுக்குப் போவதற்கு முதல்நாள் பின்வாசலால் வந்து விடைபெற்றார். பின்னறையில் மெஷின் ஒரு சாமத்தியவீட்டுப் பனரை அடித்துக்கொண்டிருந்தது. குணவதி கையில் இருந்த வளையங்களைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் போறீங்கள். இனி இது நிண்டா நான் ஆரைக் கூப்பிடுறது நானா?"

"நிண்ட உடனே என்னைக் கூப்பிடாதீங்கோ அக்கா. முதல் ஒரு துணியை எடுத்து அந்தக் கறுப்புத் தகட்டைத் துடையுங்கோ."

"துடைச்சும் ஓடாட்டி?"

அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கதவைப் பாதி திறந்தபடி நின்று சிரித்தார்.

"அப்ப போன் எடுங்கோ. எனக்கும் ஒண்டும் தெரியாது. ரெண்டு பேருமாச் சேர்ந்து குழம்புவம்."